ப்ளூ சீஸ் சாலட்: இரவுச் சாப்பாட்டுக்கே போதுமான அளவில், நம் ஊர் வெக்கையிலும் துவளாமல் செய்யும் முறை

இந்த சாலட்டில் அடுப்பு வேலை குறைவுதான். ஆனாலும் முதல் தடவை செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். இலையில் ஈரம் காய்வதற்குள் எல்லாவற்றையும் கலந்துவிடுகிறார்கள். இல்லையென்றால், சீஸே உப்பு என்பதை மறந்து, பொரியலுக்குப் போடுவதுபோல் தனியாக உப்பைத் தூவிவிடுகிறார்கள். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: தட்டின் அடியில் தண்ணீர் நிற்கும், மேலே இலை துவண்டு கிடக்கும்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். சீஸ் வாங்குவது புதுச்சேரியில். தம்பி மனைவி, சித்தி மகள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் என்று பலருக்கு என் சமையலறையிலேயே நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்கள் கை எங்கே தடுமாறியது என்று பார்த்துத்தான் கீழே உள்ள வரிசையை அமைத்திருக்கிறேன். அளவெல்லாம் நான்கு பேருக்கு, இரவு வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

- ப்ளூ சீஸ் 100 கிராம்
- லெட்யூஸ் (முட்டைகோஸ் மாதிரி இருக்கும் சாலட் இலை) பெரியதாக ஒன்று, சுமார் 300 கிராம்
- சின்ன உருளைக்கிழங்கு 300 கிராம்
- முட்டை 4
- பேரிக்காய் 1, பெரியதாக
- முந்திரி 60 கிராம்
- சின்ன வெங்காயம் 6
- நீளமான பிரெஞ்சு ரொட்டி பாதி
- இலையில் ஊற்றிப் பிரட்டும் கலவைக்கு: எண்ணெய் 4 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, பாட்டில் மஸ்டர்ட் (கடையில் கிடைக்கும் கடுகு விழுது) 1 தேக்கரண்டி, தேன் 1 தேக்கரண்டி, பூண்டு 1 பல், மிளகு

பாத்திரங்களில் முக்கியமானது ஒன்றுதான்: அகலமான பேசின். நான்கு பேருக்கான இலையைச் சின்னக் கிண்ணத்தில் கலந்தால் பாதி நசுங்கும், பாதியில் கலவையே படாது. இரண்டு சுத்தமான பருத்தித் துண்டுகளும் வேண்டும். பழைய வேட்டியைக் கிழித்து, சோப்பு வாசம் இல்லாமல் அலசி வைத்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் அதற்குப் பதிலாக ஒன்றரைக் கப் வெந்த வெள்ளைக் கொண்டைக்கடலை. அதையும் வடித்துத் துணியில் உலர்த்தித்தான் சேர்க்க வேண்டும்.

2. சீஸ் வாங்கும்போது

ப்ளூ சீஸ் என்பது ஒரே ஒரு சீஸின் பெயர் அல்ல. பிரான்ஸின் ரோக்ஃபோர் செம்மறியாட்டுப் பாலில் செய்வது. இத்தாலியின் கோர்கொன்சோலா, இங்கிலாந்தின் ஸ்டில்டன், டென்மார்க்கின் டேனிஷ் ப்ளூ எல்லாம் பசும்பாலில் செய்பவை. சாலட்டுக்கு விரலால் கிள்ளினால் உதிர்கிற வகை வேண்டும். டேனிஷ் ப்ளூவும் ஸ்டில்டனும் அப்படிப்பட்டவை. கோர்கொன்சோலாவில் இளசான வகை வெண்ணெய்போல இருக்கும். ரொட்டியில் தடவிச் சாப்பிட அருமை, ஆனால் இலையில் அப்பிக்கொள்ளும்.

முழுத் துண்டாக வாங்குங்கள். உதிர்த்து அடைத்த பாக்கெட்டுகளில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பெரும்பாலும் மாவு போன்ற ஒரு பொடியைச் சேர்த்திருப்பார்கள். நாக்கில் அது வறட்சியாகத் தெரியும்.

உள்ளே ஓடும் நீலப்பச்சைக் கோடுகள் பெனிசிலியம் ரோக்ஃபோர்டி என்ற பூஞ்சை. அது வளரக் காற்று வேண்டும் என்பதால் சீஸை நீண்ட ஊசிகளால் குத்தித் துளையிட்டு முதிர வைக்கிறார்கள். அதனால்தான் வெட்டிய துண்டில் நேர்க்கோடாக மெல்லிய துளைகள் தெரியும். இதைச் சொல்லாமல் என் தம்பி மனைவியிடம் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு நான் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், “அக்கா, ஒரே பூசணமா இருந்துச்சு, சீவித் தூக்கிப் போட்டுட்டேன். நடுவுல பூச்சி வேற துளைச்சிருக்கு” என்றாள். 100 கிராமில் ஓர் எலுமிச்சை அளவுதான் மிச்சம். அவள் சீவி எறிந்த பகுதியில்தான் சுவையே இருந்தது. யாரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? இளஞ்சிவப்புத் திட்டு, மேலே பஞ்சுபோல் நிற்கும் கறுப்பு ரோமம், தொட்டால் பிசுபிசுவென்று இழுக்கும் படலம், கண்ணில் நீர் வரவைக்கும் அமோனியா நெடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுத் துண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உறையில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பாலைத் திரிக்க உதவும் ரெனெட் சில சீஸ்களில் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. ரோக்ஃபோர் அந்த வகைதான்.

3. கடையிலிருந்து வீடு வரை

இந்தப் படியை எந்தச் சமையல் குறிப்பிலும் பார்க்க முடியாது. ஆனால் கடலூர்க்காரர்களுக்கு இதுதான் முதல் கண்டம். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டி வருவதற்கு, தூரம் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும், நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

ஒரு மே மாதம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் பிரித்தபோது கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து உறை முழுக்க நனைந்திருந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். இறுகியது, ஆனால் பழைய உதிரும் பதம் திரும்பவில்லை. நடுவில் மெழுகு மாதிரியும் ஓரத்தில் மணல் மாதிரியும் ஆகிவிட்டது.

இப்போது முந்தின இரவே அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுகிறேன். அதைத் துண்டில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் சீஸை வைத்து, இரண்டையும் ஒரு சின்னத் தெர்மகோல் பெட்டியில் அடக்கிவிடுவேன். டப்பா எதற்கு என்றால், பாட்டில் வேர்த்து வடியும் நீர் சீஸின் உறைக்குள் போகக் கூடாது. காய்கறி, ரொட்டி எல்லாம் வாங்கி முடித்த பிறகு கடைசியாகத்தான் சீஸ் கடை.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியின் உள் தட்டில் வைக்க வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம், திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும். ஃப்ரீசரில் நாள் கணக்கில் உறைய வைப்பதும் வேண்டாம், கரையும்போது நீர் விட்டுப் பொலபொலத்துவிடும்.

4. எட்டு மணிக்குச் சாப்பிட, எது முதலில்?

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் அடுப்பைத்தான் முதலில் பற்ற வைக்கிறார்கள். தொடங்க வேண்டியது இலையில். அலசி, உலர்த்தி, குளிர வைக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும்.

ஐந்தரைக்கு இலையை ஊறப் போடுங்கள். அது ஊறும்போதே கலவையைத் தயாரித்துவிடுங்கள். கலவை இரண்டாவதாக வருவதற்குக் காரணம், உருளைக்கிழங்கு வெந்து சூடாக இருக்கும்போதே அதன் மேல் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஆறு மணிக்குக் கிழங்கும் முட்டையும். ஆறரைக்கு முந்திரியும் ரொட்டியும். ஏழேகாலுக்கு வெங்காயம், ஏழரைக்குப் பழம், ஏழே முக்காலுக்கு சீஸ். ஏழு ஐம்பதுக்குக் கலக்கத் தொடங்கினால், எல்லோரும் உட்கார்ந்த பிறகு தட்டு வந்து சேரும். ஒருவேளை விருந்தாளி வரத் தாமதமானால் கலப்பதை நிறுத்தி வையுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் கெடாது.

5. இலை

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை.

லெட்யூஸ் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வருவது. மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதி வாடியிருக்கும். அதனால் நேரே நறுக்காதீர்கள். அடித்தண்டை ஒரு விரற்கடை வெட்டி, இலைகளைப் பிரித்து, ஐஸ் போட்ட தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் மூழ்க வையுங்கள். இலையின் செல்கள் நீரை உறிஞ்சி விறைத்துக்கொள்ளும். மண்ணும் அடியில் தங்கும். பேசினைச் சாய்த்து ஊற்றாமல் இலைகளை மேலாகக் கையால் அள்ளி எடுங்கள். சாய்த்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலையில் ஏறும். மண் வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள்.

அடுத்தது உலர்த்தல். சாலட் சுழற்றி (இலையைச் சுழற்றி நீரை உதறும் கூடை) இருந்தால் சரி. இல்லாவிட்டால் துண்டின் நடுவில் இலைகளை வைத்து, நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மொட்டை மாடிக்குப் போய்க் கையை வீசிச் சுழற்றுங்கள். பத்துச் சுற்று. துண்டு நனைந்திருக்கும், இலையில் இன்னும் ஈரம் இருக்கும். இரண்டாவது உலர்ந்த துண்டை விரித்து, இலைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, தளர்வாகப் பாய் மாதிரி சுருட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். மீதி ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும்.

போதுமா என்று பார்க்க ஒரு வழி: ஓர் இலையை எடுத்துப் புறங்கையில் ஒத்துங்கள். தோலில் ஈரம் மினுங்கினால் இன்னும் ஆகவில்லை. எண்ணெய் கலந்த கலவை ஈர இலையில் ஒட்டாது, வழுக்கி அடியில் போய்ச் சேரும். அங்கே தண்ணீரோடு கலந்து சப்பென்று ஆகும். “கலவை போதலை” என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றுவார்கள். அதுவும் அடியில்தான் போகும். கடற்கரை ஊரில் காற்றே ஈரம் என்பதால் விசிறிக்கு அடியில் பரப்பி வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்படி வைத்த இலை காய்வதற்கு முன்னால் வாடிவிடும். துணியும் குளிரும்தான் வழி.

புதுச்சேரியில் நேரு வீதி பெரிய மார்க்கெட்டில் காலையிலேயே போனால் நல்ல லெட்யூஸ் கிடைக்கும். கடலூரில் கிடைக்காத நாளில் நான் முட்டைகோஸின் உள் இலைகளை நூலாக நறுக்கி, அதே மாதிரி ஐஸ் தண்ணீரில் போட்டு உலர்த்திப் பயன்படுத்துவேன். அது சீஸின் பாரத்தைத் தாங்கும். அரைக்கீரை, முளைக்கீரை பச்சையாக வேண்டாம். அவற்றின் மண் வாசம் சீஸின் வாசத்தோடு சேரவில்லை.

6. கலவை

பூண்டுப் பல்லை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டு, எடுத்து எறிந்துவிடுங்கள். வாசம் மட்டும் இறங்கும். பூண்டை அரைத்துச் சேர்த்தால் சீஸின் காரத்தோடு மோதும், சாப்பிட்ட பிறகும் வாயிலேயே நிற்கும்.

சாற்றில் மஸ்டர்டும் தேனும் போட்டு முதலில் கரையுங்கள். பிறகு எண்ணெய். மூடி இறுகும் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை நிமிடம் குலுக்கினால் கெட்டியாகச் சேர்ந்துகொள்ளும். எண்ணெயும் புளிப்பும் பிரியாமல் பிடித்து வைப்பது மஸ்டர்ட்தான். வீட்டுக் கடுகை அரைத்துச் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கசப்பு ஏறிவிடுகிறது.

எண்ணெய்க்கு ஆலிவ் நல்லது. பாதி ஆலிவ், பாதி சூரியகாந்தி என்றாலும் குறையில்லை. செக்கு நல்லெண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். நான் விரும்பிச் சாப்பிடும் எண்ணெய் அது, ஆனால் இங்கே சீஸை மறைத்துவிடும்.

உப்பு போடக் கூடாது. 100 கிராம் ப்ளூ சீஸில் ஏறக்குறைய 3 கிராம் உப்பு இருக்கிறது, ரோக்ஃபோர் என்றால் இன்னும் கூடுதல். ஒருவருக்கு 25 கிராம் சீஸ் என்று கணக்கிட்டால், முக்கால் கிராம் உப்பு அதிலேயே வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்று சொல்கிறது. அதோடு உப்பு இலையிலிருந்து நீரை வெளியே இழுக்கும். உலர்த்தியதெல்லாம் வீணாகும்.

சுவை பார்க்கும்போது கரண்டியில் நக்கிப் பார்க்காமல், ஓர் இலையைத் தோய்த்துத் தின்று பாருங்கள். கொஞ்சம் புளிப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும். கிழங்கும் முட்டையும் சீஸின் கொழுப்பும் சேரும்போது அந்தப் புளிப்பு அடங்கிச் சரியாக வரும்.

7. உருளைக்கிழங்கும் முட்டையும்

கிழங்கைத் தோலோடு, குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுவில் விதை மாதிரி நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. இந்தச் சமையலில் நாம் கையால் உப்பு போடும் ஒரே இடம் இதுதான். கிழங்கு மட்டும் உள்ளே உப்பில்லாமல் இருந்தால் மண் மாதிரி தெரியும், அதை சீஸால் ஈடுகட்ட முடியாது. குக்கர் வேண்டாம். ஒரு விசில் கூடினாலும் மசியலாகிவிடும். கொதி வந்து பதினைந்து நிமிடத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கினால் போதும்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் பாத்திரத்தில் கிழங்கை ஒரு நிமிடம் சிறு தீயில் குலுக்கி ஆவியைப் போகவிடுங்கள். இரண்டாக நறுக்கி, சூடு இருக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி கலவையை ஊற்றிப் பிரட்டுங்கள். சூடான கிழங்கு உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆறியது வெளியே நழுவவிடும். அதன் பிறகு நன்றாக ஆற வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது சீஸோடு சேர்த்துவிட்டால் சீஸ் இளகிக் கிழங்கில் ஒட்டிச் சாம்பல் நிறமாகிவிடும்.

முட்டைக்கு எதிர்மாறு: கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி ஒன்பது நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில். கொதிநீரில் தொடங்கினால் ஓடு சுலபமாக உரியும். வாங்கி ஒரு வாரம் ஆன முட்டை இன்னும் சுலபம். மஞ்சள் கரு இறுகியும் நடுவில் சற்று ஈரமாகவும் இருக்கும். பரிமாறும்போதுதான் வெட்ட வேண்டும்.

8. முந்திரியும் ரொட்டியும்

பிரெஞ்சு முறையில் இதில் வால்நட் போடுவார்கள். அதில் ஒரு சின்னக் கசப்பு உண்டு, அது சீஸின் உப்பைச் சமன்செய்யும். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது எனக்கு முந்திரியை விட்டுவிட மனமில்லை. முந்திரி இனிப்பானது என்பதால் பாயசத்துக்கு வறுப்பதைவிட இரண்டு பங்கு சிவக்க விட வேண்டும். நெய் இல்லாமல், கனமான சட்டியில், சிறு தீயில், கை எடுக்காமல் கிளறி, பழுப்பு ஏறியதும் மிளகுத் தூள் தூவி, உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். முழுப் பருப்புக்குக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, இரண்டாகப் பிளந்தது போதும்.

ரொட்டிக்குப் புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி. அன்று வாங்கியதைவிட முந்தின நாள் வாங்கியது நன்றாக முறுகும். விரல் தடிமனில் துண்டு போட்டு, தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுத்து, ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வெளியே கிடந்தால் அரை மணி நேரத்தில் நமத்துவிடும். முந்திரியும் அப்படியே.

9. வெங்காயம், பழம்

சின்ன வெங்காயத்தை மெல்லிய வளையமாக நறுக்கி, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து எடுங்கள். காரம் தணிந்து நிறம் சிவக்கும்.

பழம் அவசியம். சிலர் இதைத் தேவையில்லாத இனிப்பு என்று விட்டுவிடுகிறார்கள். உப்பும் கொழுப்பும் காரமும் சேர்ந்த சீஸுக்கு அடுத்த வாயில் இனிப்பும் சாறும் வந்தால்தான் நான்காவது வாய்க்கும் திகட்டாமல் இருக்கும். கொடைக்கானல் பேரிக்காய் வரும் நாட்களில் அதுவே முதல் தேர்வு. நறநறவென்று கடிபடுவது இதற்குப் பொருத்தம். தோலோடு மெல்லிய பிறைகளாக அரிந்து எலுமிச்சை கலந்த தண்ணீரில் முக்கினால் கறுக்காது. பிறகு துடைத்துவிடுங்கள், மறுபடியும் ஈரம்தான் பகை.

பேரிக்காய் இல்லாத நாளில் செங்காய்ப் பதத்தில் உள்ள கொய்யா, விதைப் பகுதியைச் சீவிவிட்டு. பண்ருட்டி பலாச்சுளையையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு வலுவான வாசங்கள் ஒரே தட்டில் நிற்கவில்லை. பலாவைத் தனியாகவே சாப்பிடலாம்.

10. சீஸை உதிர்த்தல்

குளிர்ந்திருக்கும்போதுதான் உதிரும், குளிர் விட்ட பிறகுதான் மணக்கும். அதனால் உதிர்ப்பது முதலில், காத்திருப்பது பிறகு. நம் வீட்டுச் சமையலறைச் சூட்டில் சாப்பிடப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்தால் போதும். குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே அதைச் செய்தால் தட்டில் எண்ணெய் கசியும்.

இளகிய துண்டு என்றால் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். கத்தியால் நறுக்க வேண்டாம், கத்தியில் ஒட்டி இழுபடும். முள்கரண்டியால் குத்தித் திருகினால் அது தன் கோடு வழியே தானாகப் பிளக்கும். துண்டுகள் கொண்டைக்கடலை அளவில் இருக்கட்டும். துருவியதுபோல் பொடியானால் ஒவ்வொரு வாயிலும் ஒரே உப்பு. துண்டாக இருந்தால் ஒரு வாயில் சீஸ், அடுத்த வாயில் பழம் என்று மாறி வரும்.

11. கலக்கும் வரிசை

பேசினைப் பத்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, துடைத்துக்கொள்ளுங்கள். இலைகளைக் கையால் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடுங்கள். மீதி இருக்கும் கலவையில் முக்கால் பங்கை பேசினின் ஓரமாக ஊற்றி, புளியோதரையைச் சோறு உடையாமல் கிளறுவதுபோல், அடியிலிருந்து விரல்களால் தூக்கித் தூக்கிப் போடுங்கள். கரண்டியைவிடக் கைதான் நல்லது. எந்த இலையில் கலவை படவில்லை என்பது விரலுக்குத் தெரியும். எல்லா இலையும் மினுங்க வேண்டும், எதிலிருந்தும் சொட்டக் கூடாது.

அடுத்து கிழங்கு, வெங்காயம், பாதிப் பழம். இரண்டு புரட்டு, அவ்வளவுதான்.

இப்போது தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். சீஸ், முட்டை, முந்திரி, மீதிப் பழம், ரொட்டி ஆகியவை தட்டில் போட்ட பிறகு மேலே வைப்பவை. பேசினில் சேர்த்துக் கலந்தால் கனமானதெல்லாம் அடிக்குப் போகும், முதல் தட்டு வெறும் இலை, கடைசித் தட்டு வெறும் சீஸ் என்று ஆகும். சீஸும் நசுங்கிக் கலவையோடு சேர்ந்து கலங்கல் நிறமாகிவிடும். என் சித்தி மகள் மூன்று தடவை இந்த இடத்தில்தான் சறுக்கினாள். “எல்லாம் ஒண்ணா சேர்ந்தாதானேக்கா ருசி?” என்று கேட்பாள். நான்காவது தடவை இரண்டு விதமாகவும் செய்து அவள் முன்னால் வைத்தேன். தனியாகத் தூவிய தட்டை அவளே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மேலே மிளகைப் புதிதாக இடித்துத் தூவி, பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

12. தவறு நடந்துவிட்டால்

உப்பு தூக்கலாகிவிட்டது என்றால் தண்ணீரோ கூடுதல் எலுமிச்சையோ உதவாது. உப்பில்லாமல் வேகவைத்த இன்னும் கொஞ்சம் கிழங்கையும், கையிலிருக்கும் பழத்தையும் சேருங்கள்.

அடியில் தண்ணீர் நின்றுவிட்டால் இலையை அப்படியே கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நீரைக் கொட்டிவிட்டு, மிச்சம் வைத்த கால் பங்குக் கலவையைச் சேர்க்கலாம். அதற்காகத்தான் முழுவதையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம் என்றேன்.

சீஸின் காரம் புதியவர்களுக்கு அதிகமாகத் தெரிந்தால் அடுத்த முறை 60 கிராம் ப்ளூ சீஸும் 40 கிராம் பன்னீரும். பன்னீரில் உப்பு இல்லை என்பதால் இந்த ஒரு முறைக்கு மட்டும் அந்தப் பன்னீரில் ஒரு சிட்டிகை உப்பைத் தடவிக்கொள்ளலாம்.

13. யாருக்கு வேண்டாம்

கர்ப்பமாக இருப்பவர்கள் வேகாத ப்ளூ சீஸைச் சாப்பிடக் கூடாது. ஈரப்பதம் அதிகமான இந்த வகைச் சீஸில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. அது குளிர்ப்பெட்டிக் குளிரிலும் பெருகக்கூடியது, கருவைப் பாதிக்கக்கூடியது. முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் சீஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். அதே முள்கரண்டியால் அவர் தட்டைத் தொட வேண்டாம். அவருக்கு முட்டையை முழுதாக இறுக வேகவைத்து, சீஸுக்குப் பதில் பன்னீரைச் சூடாகப் பொரித்துப் போடலாம். இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு சீஸ் அளவைப் பாதியாக்குங்கள்.

14. மிஞ்சியது

கலந்த சாலட்டை எடுத்து வைக்காதீர்கள், காலையில் கூழாகியிருக்கும். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று சந்தேகம் இருந்தால் இலையில் பாதியைத் துணியிலேயே விட்டு வையுங்கள். கலக்காத இலை சுருட்டிய துணியில் மூன்று நாள் இருக்கும்.

மிஞ்சிய சீஸைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்ற வேண்டாம், வேர்த்துப் பிசுபிசுக்கும். பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் தளர்வாகப் போட்டு, தனி டப்பாவில் மூடுங்கள். மூடாமல் விட்டால் அதன் வாசம் பாலுக்கும் தயிருக்கும் தோசை மாவுக்கும் ஏறிவிடும். பக்கத்தில் வேறு சீஸ் இருந்தால் நீலப் பூஞ்சை அதிலும் பூக்கும். பிரித்த தேதியை டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்தடை வந்தால், உறைய வைத்த அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து டப்பாவோடு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அந்தப் பாட்டிலை நான் ஃப்ரீசரிலிருந்து எடுப்பதே இல்லை, புதுச்சேரி போகும் நாளைத் தவிர.